பர்வானேயின் வயிறு

ஈரானில், எங்கள் யஸ்த் நகரத்துச் சந்தில் எந்தப் பெண்ணின் வயிறும் அவளுக்கு மட்டும் சொந்தமில்லை. காலியாக இருந்தாலும் கேள்வி, நிறைந்தாலும் கேள்வி. பர்வானேயை மட்டும் விட்டுவிடுவார்களா?

பர்வானே மிட்டாய்க் கடையில் மாவு உருட்டுகிறவள். கடைக்குள் அவள் சிரித்தால் தெருவுக்குக் கேட்கும். புருஷன் விவாகரத்துக் கொடுத்து மகளையும் தன்னோடு வைத்துக்கொண்ட பிறகு, அக்கா சிமின் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தாள். சிமினுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளையில்லை. அவளுடைய கருமுட்டை உதவாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"என்னோடத எடுத்துக்கக்கா. நான் என்ன அடைகாக்கவா போறேன்?" என்றிருக்கிறாள் பர்வானே.

எங்கள் ஊரில் இதற்குச் சம்மதம் சொல்லும் மதகுருக்களும் உண்டு. சந்துதான் சம்மதிக்காது. அதனால் அக்கா, தங்கை, அக்காள் புருஷன் மூவரோடும் விஷயம் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி எனக்கே எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது என்றால் பாருங்களேன்!

நாள் தவறாமல் ஊசி போட்டு, மயக்கம் கொடுத்து முட்டைகளை எடுத்திருக்கிறார்கள். "வயிறு உப்பினாலோ, மூச்சு முட்டினாலோ, சிறுநீர் குறைஞ்சாலோ உடனே ஓடி வரணும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். அந்த ஊசி சில பேருக்கு உள்ளே வீக்கம் கொடுத்து வயிற்றில் நீர் சேர்த்துவிடுமாம். பர்வானேக்கும் சேர்ந்தது. ஆனால் மறுநாள் சிமின் வீட்டில் பிள்ளை வரம் கேட்டு நேர்த்திக் கஞ்சி. வீடு கொள்ளாமல் பெண்கள் வருவார்கள். எந்த ஆஸ்பத்திரி, எதற்கு என்று துளைப்பார்கள்.

"கஞ்சி முடியட்டும்டி, அப்புறம் போவோம்" என்றிருக்கிறாள் சிமின். பாவி!

கஞ்சி கொதிக்கும்போது ஆளுக்கு ஒரு தரம் துழாவி, மனசுக்குள் வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம். பர்வானே கீழே இறங்கி வந்து கரண்டியைப் பிடித்தாள். முகம் வெளுத்திருந்தது. தலையிலிருந்து கால்வரை மூடும் சாதர் போர்த்தியும் வயிறு மறையவில்லை.

எதிர்வீட்டு ஃபக்ரி சும்மா இருப்பாளா? "என்ன பர்வானே, நீ துழாவுறதுக்கு முன்னாடியே வேண்டுதல் பலிச்சிருச்சு போல? புருஷன் இல்லாம பலிக்கிற வித்தைய எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன்!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிமின் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவேயில்லை.

பர்வானே பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூச்சு வரவில்லை. கரண்டி நழுவ, அப்படியே தரையில் சரிந்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்ததும் எல்லோரும் சாதரை இழுத்து முகத்தை மூடிக்கொண்டோம். ஒருவன் குனிந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "கர்ப்பமா?" என்று கேட்டான்.

"அதுக்கு மட்டும் குறைச்சலில்ல" என்றாள் ஃபக்ரி.

அவன் சிமினைப் பார்த்தான். சிமின் தரையைப் பார்த்தாள். அப்போது பர்வானே, இழுத்து இழுத்து மூச்சுவிட்டபடி, "ஆமா... கர்ப்பந்தான்" என்றாள்.

அக்காவின் மானத்துக்காகத் தன் மானத்தைத் தானே கொடுத்தாள். உயிரையும் சேர்த்துக் கொடுக்கப் பார்த்தாள்.

"பொய்!" சிமின் கத்திய கத்தலில் கீரைத் தட்டு கவிழ்ந்தது. "அவ வயித்துல பிள்ளையில்ல, தண்ணி. எனக்காக ஊசி போட்டு முட்டை எடுத்தாங்க. நாந்தான் மலடி. நாந்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்னு சொன்னேன். சீக்கிரம் தூக்குங்கய்யா!"

ஆம்புலன்ஸ்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போய் வெகுநேரமாகியும் நாங்கள் யாரும் சாதரை முகத்திலிருந்து விலக்கவில்லை. ஃபக்ரிதான் இன்னும் நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டாள். கஞ்சி அடிப்பிடித்தது. ஒருத்தியும் எழுந்துபோய்த் துழாவவில்லை.

வயிற்றில் ஊசி இறக்கி நீரை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கைமீறியிருக்கும் என்று டாக்டர் சிமினை வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் பார்க்கப் போனபோது சிமின் கட்டில் ஓரத்தில், தங்கையின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு, அவள் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்கா சொன்ன?" என்றாள் பர்வானே, ஈனக் குரலில். "நாளைக்குப் பொறக்கிற பிள்ளைய எல்லாரும் என் ஜாடையான்னு உத்து உத்துப் பார்ப்பாங்களே."

சிமின் காலை விடவில்லை.

"பார்க்கட்டும். உன் ஜாடையில பொறந்தாலாவது அதுக்குக் கொஞ்சம் வெக்கம் மானம் இருக்கும்" என்றாள்.