நடுவில் கேபிள் இல்லை

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் தொழில் அப்படி. இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேசவில்லையென்றால் கேபிள் அறுந்திருக்கும், இல்லையென்றால் யாராவது பிடுங்கியிருப்பார்கள், மூன்றாவது காரணமே கிடையாது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லப்போவதை என் கணவரே முழுசாக நம்பவில்லை. உங்களையும் வற்புறுத்த மாட்டேன், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

செங்கல்பட்டில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் மாதிரி இடங்களில் சர்வர்களை இணைத்துக்கொடுப்பது என் வேலை. மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, கடலோரச் சாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். பழைய கட்டடத்தில் ஒரு சர்வர், புதுக் கட்டடத்தில் ஒரு சர்வர், நடுவே ஒரே ஒரு கேபிள். அது போனால் எல்லாம் போச்சு என்பதால் இன்னொன்றையும் போட்டு, இரண்டையும் ஒரே இணைப்பாகச் சேர்க்கச் சொன்னார்கள். ஒன்று அறுந்தால் மற்றது அந்தக் கணமே சுமையை ஏற்றுக்கொள்ளும், யாருக்கும் தெரியவே தெரியாது. ஆனால் இரண்டும் ஒரே குழியில் போகக் கூடாது, ஒரே வெட்டில் இரண்டும் போய்விடும். பழையது மேற்குப் பக்கம் இருந்ததால், புதியதைக் கிழக்கே வேப்பமரத்தை ஒட்டிக் கொண்டுபோகும்படி வரைந்து கொடுத்தேன். குழி வெட்டிக் கேபிள் இழுப்பது டேவிட் அண்ணன் வேலை. திருக்கழுக்குன்றத்துக்காரர், என்னோடு நெடுநாளாக வேலை செய்கிறவர்.

அந்த வாரம் பார்த்து, காலேஜில் படிக்கிற என் மகள் அபிக்கு டெங்கு. பக்கத்தில் எங்கும் படுக்கை கிடைக்கவில்லை, தெரிந்த இடமாயிற்றே என்று அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாளே புதுக் கட்டடத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். டேவிட் அண்ணன் போன் செய்தார்.

"இன்னா மேடம், பாப்பா எப்டி கீது? நீ புள்ளையப் பாரு. கெழக்கால கேபிளு போட்டாச்சு, ரெண்டு பக்கமும் சொருகியாச்சு. டெஸ்ட்டு கிஸ்ட்டு எல்லாம் அப்பால வெச்சிக்கலாம்."

"லைட்டு எரியுதாண்ணே?"

"நீ சோறு துன்னியா? அத்த சொல்லு மொதல்ல."

நானும் விட்டுவிட்டேன். அந்த நிலைமையில் கேபிளை யார் நினைப்பார்கள்?

அன்று மாலை நல்ல மழை. கண்ணாடிக்கு வெளியே நின்று அபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் தெரியாது, கால் மட்டும் தெரியும். நர்ஸ் மேசையில் பெரிய திரை, அதில் ஒவ்வொரு படுக்கையின் ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் ஓடும். அந்த வாரம் படுக்கைகள் நிரம்பி வழிந்ததால் எல்லாக் கருவிகளும் கத்திக்கொண்டே இருந்தன, நர்ஸுகள் அந்தத் திரையைத்தான் நம்பியிருந்தார்கள். அந்த எண்கள் எல்லாம் பழைய கட்டடத்து சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வரும்.

வளாகத்தில் முழங்கால் அளவு தண்ணீர் என்று ஜேசிபி வைத்து வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மேற்குப் பக்கம். ஜேசிபியின் வாளியில் உடைந்த பைப்பும் அந்தப் பழைய கேபிளும் கோழிக்குடல் மாதிரித் தொங்கின.

 இணைப்பு போனால் அந்தத் திரை அணையாது. கடைசியாக வந்த எண்ணிலேயே நின்றுவிடும். உள்ளே பிள்ளைக்கு என்ன ஆனாலும் திரையில் அவள் நன்றாகவே இருப்பாள். நர்ஸிடம் சொல்லத் தோன்றாமல் நேரே சர்வர் அறைக்கு ஓடினேன். முதல் கேபிளின் லைட் செத்துக் கிடந்தது. இரண்டாவதில் பச்சை, மின்னி மின்னி எரிந்துகொண்டிருந்தது. டேவிட் அண்ணே, நீ நல்லா இருக்கணும் என்று வாய்விட்டே சொன்னேன்.

திரும்பி வந்தபோது என் கண்ணெதிரே திரையில் அபியின் ரத்த அழுத்த எண் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. கண்ணாடியைத் தட்டினேன், அதற்குள் நர்ஸ் எழுந்து ஓடிவிட்டாள். "தள்ளும்மா, தள்ளு!" என்று என்னை இடித்துக்கொண்டு டாக்டர் உள்ளே போனார். வெகு நேரம் கழித்து வெளியே வந்தவர், "நல்ல வேளை, ஸ்க்ரீன்ல பார்த்தோம். கொஞ்சம் விட்டிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் அறுந்த கேபிளைச் சரிசெய்ய டேவிட் அண்ணன் வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். "உங்க கேபிளுதாண்ணே என் பொண்ணைக் காப்பாத்துச்சு."

"எந்தக் கேபிளு?"

"கிழக்கால போட்டது."

அவர் முகம் மாறிவிட்டது. "மேடம், திட்டாத. கெழக்கால இன்னும் வெட்டவே இல்ல."

வேப்பமரத்தடியில் ஏழு கன்னிமார் கற்கள் இருக்கின்றன. பொங்கல் வைக்காமல் அங்கே கடப்பாரை போட அந்தப் பக்கத்து ஆள் யாரும் வர மாட்டான். ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் இருக்கிறது, அடுப்பே மூட்டக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வேலை நின்றது. ஆஸ்பத்திரி மேனேஜர் தொல்லை தாங்காமல் அண்ணன் இரண்டு முனையிலும் துண்டுக் கேபிளைச் சொருகிவிட்டு, முடிந்தது என்று சொல்லியிருக்கிறார்.

"நீங்க சர்ச்சுக்குப் போறவருதானேண்ணே?"

"போறவன்தான். அதுக்காவ கன்னிமாருகிட்ட வம்பு வெச்சிக்க முடியுமா?"

விளையாடுகிறார் என்று நினைத்து அவரை சர்வர் அறைக்கு இழுத்துப் போனேன். பச்சை எரிந்துகொண்டிருந்தது. அவர் சுவர் ஓட்டையிலிருந்து கேபிளை இழுத்தார். முழங்கை நீளம் வந்தது, அவ்வளவுதான். வெட்டின நுனியில் டேப் சுற்றியிருந்தது. நுனி அவர் கையில் இருக்க, லைட் மின்னிக்கொண்டிருந்தது.

"யேசப்பா" என்று கேபிளைக் கீழே விட்டார்.

நான் போய் மரத்தடியைப் பார்த்தேன். கொத்தின அடையாளமே இல்லை, மழையில் நனைந்த புல்தான். மேற்குக் கேபிளை ஒட்டவைத்து அதன் லைட் வந்ததும், இந்தப் பச்சை தானாகவே அணைந்தது. தெரிந்தவர்களிடம் கேட்டேன், வயர்லெஸ் வழியாகப் போயிருக்கும் என்றார்கள். அந்த சர்வர்களில் வயர்லெஸ் கிடையாது, அமைத்தவளே நான்தானே.

அபி பிழைத்து வீட்டுக்கு வந்தாள். பிறகு ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே பொங்கல் வைத்து, குழி வெட்டி, இரண்டாவது கேபிளை உண்மையாகவே போட்டோம், வேறு துளையில் சொருகினோம். துண்டு அதன் இடத்திலேயே தொங்குகிறது. "புடுங்கிப் போடு மேடம், பேஜாரு" என்கிறார் டேவிட் அண்ணன். எனக்குக் கை வரவில்லை. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தினமும் போன் செய்வேன். என் குரலைக் கேட்டதும், "எரியல மேடம்" என்பார். அப்புறம்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

போன மாதம் ஒரு மத்தியானம் அவரே அழைத்தார். "மேடம், அந்தத் துண்டுல லைட்டு எரியுது. லைன் ரெண்டும் நல்லாத்தான் கீது."

உடனே அபிக்குப் போட்டேன். "இன்னாம்மா, கேன்டீன்ல துன்னுகினு கீறேன். சும்மா சும்மா போன் பண்ணாத." பின்னால் தோழிகள் சிரிக்கும் சத்தம். வைக்க விடாமல் எதையெதையோ பேசிக்கொண்டே இருந்தேன். அணைந்துவிட்டது என்று செய்தி வந்த பிறகுதான் வைத்தேன்.

அன்று அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலும் எதுவும் அறுந்துபோகவில்லை. அப்படியானால் அந்தக் கொஞ்ச நேரம் அது எதைத் தாங்கிக்கொண்டிருந்தது?