பொட்டுக்கு அடியில் எரிந்த விளக்கு

அன்பர்களே, குற்றாலநாதர் என் மகளைக் காத்த வகையை எத்தனையோ முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். இன்னும் முழுமையாக விளங்கவில்லை. விளங்கிய அளவில் சொல்கிறேன்.

எழுபதுகளின் இறுதியில், இன்றைக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி வெள்ளி. அப்போது புளியங்குடியில் குடியிருந்தோம். தலைப்பேற்றுக்கு வந்திருந்த மகளுக்கு முன்கூட்டியே வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே தென்காசிக்குக் கொண்டுசெல்லுங்கள் என்றார் மருத்துவச்சி. என் பழைய மகிழுந்தின் பின்னிருக்கையில் அவளைக் கிடத்தினோம். மனைவி மடியில் தாங்கிக்கொண்டாள். நானே ஓட்டினேன்.

வெள்ளிதோறும் வண்டிக்குப் பூசை செய்வது என் வழக்கம். ஓட்டுபவர் கண்ணெதிரே உள்ள பலகையில் வட்டமாக ஒரு சிறு கண்ணாடி உண்டு. பொட்டிடவே அமைந்த இடமாக எனக்குத் தோன்றியதால் அதன்மேல் சந்தனமும் குங்குமமும் அப்புவேன். அன்று காலையும் அப்பியிருந்தேன்.

கடையநல்லூரைத் தாண்டியதும் சாரல் பிடித்தது. முன்கண்ணாடியின் இடுக்கில் நீர் ஒழுகுவது அவ்வண்டியின் நெடுநாள் குறை. அதற்காக நான் சலித்துக்கொள்ளாத மழையில்லை. மகளின் அலறல் பொறுக்காமல், "பெருமானே, வழிகாட்டு" என்று வாய்விட்டு வேண்டினேன். சொட்டிய நீரில் சந்தனம் கரைந்து வழிந்தது. அவ்விடத்தில் சிவப்பாக ஓர் ஒளி!

திகைத்தேன். அருட்குறியா, அபாயமா? போ என்கிறதா, நில் என்கிறதா? வண்டியோ நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஓரமாக நிறுத்திப் பொறியை அணைத்தேன்.

"எதுக்கு நிப்பாட்டுதிய? புள்ள துடிக்கா!" என்று கதறினாள் மனைவி.

பின்னால் வந்த எலுமிச்சைச் சரக்குந்து நின்றது. அதன் ஓட்டுநர் இறங்கி வந்து, சிவப்பு ஒளியைப் பற்றி நான் சொன்னதும், என் வண்டியின் முன்மூடியைத் திறந்து, எண்ணெய் அளக்கும் கம்பியை உருவினார். நுனியில்கூட ஈரமில்லை.

"எண்ணெய் இல்ல, நிறுத்துன்னுல்லா அந்த லைட்டு சொல்லுது அண்ணாச்சி! இன்னும் ரெண்டு மைல் போயிருந்தா எஞ்சின் இறுகி இங்கனயே கிடந்திருப்பிய. அது மூஞ்சில போயி பொட்ட வச்சு அடைச்சிருக்கியளே, சாமிக்கு வேற இடமா கிடைக்கல?"

அந்த வேதனையிலும் மகள் சிரித்துவிட்டாள்.

வண்டிக்கடியில் படுத்து, எண்ணெய் ஒழுகும்படி தளர்ந்திருந்த அடைப்பாணியை அவர் முறுக்கினார். தம்மிடமிருந்த எண்ணெயை ஊற்றினார். பொறியை இயக்கினேன். சிவப்பு அணைந்தது. தென்காசியில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். தாயும் சேயும் நலம்.

பக்தியோடு நான் வைத்த பொட்டு எச்சரிக்கையை மறைத்தது. நான் வெறுத்த ஒழுக்கு அதைக் காட்டிக்கொடுத்தது. எது அருள், எது பிழை? இன்றும் தடுமாறுகிறேன். ஆனால் அன்றுமுதல், சாவியைத் திருப்பினால் அவ்விளக்கு எரிகிறதா, பொறி இயங்கியதும் அணைகிறதா என்று பார்த்த பிறகே கைகூப்புகிறேன்.

துன்பத்தில் இருப்பவர்களே, குழம்பிய நெஞ்சோடும் அவனிடம் கேளுங்கள். விடை எவ்வழியாக வர வேண்டும் என்பதை அவனுக்கே விட்டுவிடுங்கள்.

பேத்திக்கு இப்போது ஏழு வயது. மழைநாளில் முன்னிருக்கையில் அமர்ந்தால் முழங்காலில் நீர் சொட்டுகிறதென்று முறையிடுகிறாள். அந்த ஒழுக்கை அடைக்க எனக்கு மனம் வரவில்லை.