பால் வெள்ளையாகத் திரும்பிப் போன கம்ப்யூட்டர்

2008-ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் தரப் பரிசோதனைக்குப் பொறுப்பாளராக இருந்தேன். மேசையில் விரித்த ஒவ்வொரு பீஸிலும் எண்ணெய்க் கறை, நூல் பிசிறு, ஓட்டை தேடுவதுதான் வேலை. குறை தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். பல வருடம் இதையே பார்த்த கண், வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறொரு பைத்தியம். எண்பதுகளின் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள், டி.வி.யில் இணைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டிகள் ஆகியவற்றைச் சேகரித்து ஓட வைப்பேன். பனியன் வாங்க வந்த வெளிநாட்டு பையர்கள் அந்தக் காலத்தில் முதலாளிமார்களுக்குப் பரிசாகக் கொடுத்துப் போனவை, பழைய இரும்புக் கடைகளில் கம்பிக்கும் தகரத்துக்கும் நடுவே கிடக்கும். அப்படி எடுத்தவை எங்கள் மாடி அறையை நிறைத்திருந்தன.

இதைக் கேள்விப்பட்டு, பக்கத்து ஊரான மங்கலத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். விசைத்தறிப் பட்டறை நடத்துகிறவர், நாற்பதை நெருங்கியிருப்பார். துண்டில் சுற்றி ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்திருந்தார். கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் வகை. டி.வி.யில் இணைத்து, டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டால் அதிலிருந்து விளையாட்டு ஏறும். வெள்ளையாகப் பிறந்த பெட்டி, நாட்பட்ட பல்லைப்போல மஞ்சளாகியிருந்தது. ஒரு மூலையில் சூட்டுத் தழும்பு. மூன்று பொத்தான்களின் மேல் பெயிண்ட் அப்பியிருந்தது.

அது அவருடைய தம்பியின் மெஷின். தம்பிக்கு முப்பத்து நாலு வயது. பேச்சு அதிகம் கிடையாது, படிப்பு ஏறவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இதில் ஒரே ஓர் ஆட்டம் ஆடுவார். குள்ளமான ஒரு மனிதன் குழிகளைத் தாண்டி ஓடும் விளையாட்டு. அது முடிந்தால்தான் சோறு.

“ரெண்டு வாரமா மெசின் ஓடலீங்ணா. மத்தியானம் தட்டத் தொட மாட்டீங்கறான். ராத்திரிக்கும் ரெண்டு வாயோட எந்திரிச்சுப் போயிர்றான். இடுப்புல கால்சட்டை நிக்கறதில்லீங்க” என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொரு தடவை சொன்னார்: “ஓடுனாப் போதுமுங்ணா. வேறொண்ணும் வேண்டாமுங்க.”

அந்த வாக்கியம் இப்போதும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அப்போது அதை நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன மெத்தை. தறிப் பஞ்சு அவ்வளவு படிந்திருந்தது. அதை நீக்கினேன். மின்சாரம் வந்து சேரும் இடத்தில் ஒரு கெப்பாசிட்டர் உப்பியிருந்தது, மாற்றினேன். புதன்கிழமை காலை கம்பெனிக்குக் கிளம்புவதற்கு முன்பே மெஷின் ஓடிவிட்டது. வேலை ஒன்றரை மணி நேரம்தான்.

அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த மஞ்சள் என் கண்ணை உறுத்தியது. இப்படி ஒரு பீஸை என் மேசையிலிருந்து நான் அனுப்பியதே இல்லை. மஞ்சளான பிளாஸ்டிக்கைப் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் பழைய வெள்ளை திரும்பும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்ததைச் சமீபத்தில்தான் படித்திருந்தேன். பெராக்சைடுக்குத் திருப்பூரில் பஞ்சமா? கம்பெனிக்குத் துணி வெளுத்துத் தரும் பட்டறைக்குப் போனேன். அங்கே மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பனியன வெளுத்தாச்சு, இனி கம்ப்யூட்டர வெளுக்கப் போறியளாக்கும்? நாளைக்கு டி.வி.யத் தூக்கிட்டு வருவிய போலயே, அண்ணாச்சி!” என்று சிரித்தவர், கேனை மூடிக் கொடுக்கும்போது, “கையில பட்டா பொத்துரும், பாத்துக்கிடுங்க” என்றார்.

கையில் படவில்லை. ஆனால் வானம் ஒத்துழைக்கவில்லை. மொட்டை மாடியில் பெட்டியை வைத்தால் பத்து நிமிடத்தில் மேகம் கூடும். எடுத்து உள்ளே வைத்தால் பளீரென்று வெயில் அடிக்கும். கம்பெனியில் இருக்கும்போது மழை வந்தால் என் மனைவிதான் மாடிக்கு ஓட வேண்டும். “ஊருக்குள்ள எல்லா ஊட்டு மேலயும் வத்தல் காயுது. நம்மூட்டு மேல கம்ப்யூட்டர் காயுது. பக்கத்தூட்டு அக்கா, எப்பப் பொரிப்பீங்கன்னு கேக்கறாங்க” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கு நடுவில் மங்கலத்திலிருந்து தினமும் ஒரு மிஸ்டு கால். பகல் பதினொன்றரை மணிக்குத் தவறாமல் வரும். நான் திருப்பி அழைத்தால், பின்னால் தறிச் சத்தத்தோடு ஒரே கேள்வி: “ஆச்சுங்களா?” முதல் நாள் பொறுமையாகப் பதில் சொன்னேன். மூன்றாம் நாள், “பார்ட்ஸ் வரலீங்க” என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அதன் பிறகு அதையே சொன்னேன். போனை வைத்துவிட்டு, நல்ல வேலைக்கு நேரம் ஆகும் என்பது இந்த ஜனங்களுக்கு ஏன் புரிவதில்லை என்று எரிச்சல்படுவேன். பதினொன்றரைக்கு அவர் ஏன் கூப்பிடுகிறார் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அவர்கள் வீட்டில் அடுத்து வருவது மதியச் சாப்பாடு.

பெட்டி வெளுத்தது. சூட்டுத் தழும்பைப் பெயிண்டர்கள் ஓட்டை அடைக்கும் மக்கு வைத்து நிரப்பித் தேய்த்தேன். பொத்தான்களின் மேலிருந்த பெயிண்டை, பனியனில் கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னால் அடித்துச் சுத்தமாக எடுத்தேன். ஏதோ குழந்தை விளையாட்டாகப் பூசியது என்று நினைப்பு. எல்லாம் முடிந்தபோது கடையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல இருந்தது. நானே நான்கு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மெஷின் ஓடத் தொடங்கிப் பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூட்டரில் மங்கலம் போனேன். தம்பி டி.வி.க்கு முன்னால் ஒரு ஸ்டூலில் தயாராக உட்கார்ந்திருந்தார். தலை வாரி, சட்டை மாற்றியிருந்தார்கள். துண்டைப் பிரித்து மெஷினை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் பார்த்தார். எழுந்தார். வெளியே போய் என் ஸ்கூட்டரின் முன் கூடையில் தேடினார். பிறகு சீட்டைத் தூக்கி உள்ளே பார்த்தார். அங்கே இருந்த மழைக்கோட்டை எடுத்து உதறினார். தன்னுடைய மெஷினைத் தேடுகிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

அக்காள் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங்ணா, இதுல புள்ளி இருந்துதுங்களே?”

“கறைன்னு எடுத்துட்டேனுங்க.”

“கறையில்லீங்ணா, நான் வெச்சது. அவனுக்கு எழுத்துத் தெரியாதுங்க. செவப்பு இந்தப் பக்கம் ஓடறதுக்கு, பச்சை அந்தப் பக்கம், நீலம் குதிக்கறதுக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “நல்லா வெள்ளையாத்தான் இருக்குதுங்க” என்றார். அதன் பிறகு, “பார்ட்ஸ் நேத்துத்தான் வந்துதுங்களா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வெளியே அவர் தம்பி ஸ்கூட்டர் சீட்டை இரண்டாம் முறையாகத் தூக்கிக்கொண்டிருந்தார். “இல்லீங்க. அதுக்கு முந்தின வாரம் புதன்கிழமையே ஓடிருச்சுங்க. வெளுக்கறதுக்குத்தான் வெச்சிருந்தேன்” என்றேன்.

“அப்ப பதினோரு நாளு அவன் சும்மாதான் பட்டினி கெடந்தானுங்களா?”

குரல் உயரவில்லை. ‘ங்க’ குறையவில்லை. குறைந்திருந்தால் எனக்குச் சற்றுத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றே அவர் பெயிண்ட் எடுத்துவந்து பழையபடி புள்ளி வைத்தார். தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் அதே மாதிரியில் மஞ்சளான மெஷின் ஒன்று இருந்தது. மறுநாள் அதைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். தம்பி அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். சரியான பரிசோதகர்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். வேறு வழி தெரியாமல், நானே அந்த வெள்ளை மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஆடினேன். மெஷின்களைப் பழுது பார்ப்பேனே தவிர, எனக்கு விளையாட வராது. மூன்றாவது குழியில் விழுந்தேன். மீண்டும் அதே குழி. தம்பி எனக்கு முதுகைக் காட்டிக் கதவோரம் நின்றார். அதற்குள் கரண்ட் போய்விட்டது. அப்போதெல்லாம் மின்வெட்டுக்கு நேரம் காலம் கிடையாது. கரண்ட் வந்ததும் கேசட்டை ஓட்டி, கீச்சென்று கத்தும் சத்தத்தைப் பல நிமிடம் கேட்டு, முதலிலிருந்து தொடங்கி, திரும்பவும் மூன்றாவது குழி. என் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கவனித்தேன்: நான் விழும்போதெல்லாம் பின்னாலிருந்து “ச்சு” என்று ஒரு சத்தம் வந்தது.

அதற்கடுத்த ஞாயிறு அவர் ஸ்டூலுக்கு ஓரடி பின்னால் நின்றார். நான் வழக்கம்போல விழுந்தேன். “ச்சு.” திரும்ப விழுந்தேன். மூன்றாவது முறை அந்தக் குள்ளன் குழிக்குள் போனதும், என் மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது.

“தள்ளு” என்றார்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை. நான் அசையாமல் உட்கார்ந்திருக்க, தோளால் இடித்தே என்னை ஸ்டூலிலிருந்து நகர்த்திவிட்டார். வாசற்படியில் நின்ற அக்காள் அவசரமாக, “தப்பா நெனைச்சுக்காதீங்ணா. சித்த எடத்தை உடுங்க” என்றார். குள்ளன் மூன்றாவது குழியைத் தாண்டினான், நான்காவதைத் தாண்டினான், நான் பார்த்தே இராத இடங்களுக்கெல்லாம் ஓடினான். மெஷின் வெள்ளையா மஞ்சளா என்பதை அவர் மன்னித்துவிட்டாரா, அல்லது என் ஆட்டத்தைச் சகிக்க முடியாமல்தான் உட்கார்ந்தாரா, எனக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். அக்காள் பரிமாறிவிட்டு என் பக்கம் பார்க்காமல் அடுப்படிக்குள் போய், வெகுநேரம் வெளியே வரவில்லை.

இப்போதும் யாராவது ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தால், ஒவ்வொரு கீறலையும் கறையையும் அவரிடம் காட்டி, “இது இருக்கட்டுங்களா?” என்று கேட்ட பிறகுதான் திறக்கிறேன். பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே துடைத்துவிடச் சொல்கிறார்கள். இருந்தாலும் கேட்காமல் என்னால் கை வைக்க முடிவதில்லை, ஏனென்றால் ஒரு மனிதரைப் பதினோரு நாள் பட்டினி போட்டுவிட்டு அதற்கு நல்ல வேலை என்று பெயர் வைத்தவன் நான்.