அணுகுசாலை முப்பது அடி

நகராட்சி அலுவலகத்தின் நகரமைப்புப் பிரிவில் அவரும் நானும் எதிரெதிர் மேசையில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். மனைப்பிரிவு வரைபடங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. நிலத்தைத் துண்டு போட்டு விற்க நினைக்கிறவர் யாராக இருந்தாலும், எத்தனை மனை, உள்சாலை எவ்வளவு அகலம், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே வர வழி எது என்று வரைந்து கொண்டுவந்து அவரிடம்தான் கொடுக்க வேண்டும். யார் என்ன தாளை நீட்டினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "நேர்ல பாத்தீங்களா?" அதனால் ஆபீசில் அவருக்கு 'நேர்ல அக்கா' என்று பேர். புதிதாக வந்தவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பழைய ஆட்களான எங்களுக்குச் சிரிப்பு வராது.

அவர் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வருஷம் நாற்பத்திரண்டு மனைகள் கொண்ட ஒரு பிளான் வந்தது. உள்ளே போக ஒரே ஒரு வழி. வரைபடத்தில் 'அணுகுசாலை முப்பது அடி' என்று எழுதியிருந்தது. அளந்து பார்த்துச் சரி என்று சர்வேயரும் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனாலும் அக்கா ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும், அது விதி. அந்த வாரம் அவர் மகளுக்குக் கடும் காய்ச்சல். மேசையில் ஃபைல்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. 'நேரில் பார்வையிடப்பட்டது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

அங்கே நுழைவு வளைவில் ஒரு பழைய குடோனின் சுவர் சாலைக்குள் துருத்திக்கொண்டு நின்றது. மிச்சம் இருந்த அகலம் பன்னிரண்டு அடி. கார் போனது, ஆட்டோ போனது. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. வீடுகள் எழும்பின, ஆட்கள் குடிவந்தார்கள்.

ஒன்பது வருஷம் கழித்து ஒருநாள் முற்பகலில், கடைசி வரிசையில் இருந்த ஒரு தையல்காரர் வீட்டில் தீப்பிடித்தது. அவர் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தார். பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகிவிட்ட மனைவி மட்டும் உள்ளே. தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, ஆனால் அந்த வளைவில் மாட்டிக்கொண்டது. பின்னால் எடுத்து, திருப்பி, மறுபடி முயன்று, சுவரில் இடித்தது. வீரர்கள் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செய்தி ஆபீசுக்கு வந்ததும் அக்கா தானே பதிவறைக்குப் போய்ப் பழைய ஃபைலைத் தேடி எடுத்துவந்தார். பிரித்தவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டுவந்து வைத்தேன். ஆறிப்போய் அப்படியே இருந்தது.

விசாரணைக்கு ஆள் வரப்போவதாகத் தகவல் வந்தது. சர்வேயர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிரிவுத் தலைவர் அக்காவைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அளந்தது அவருதானே? அவர்மேல எழுதிட்டுப் போகட்டும். செத்தவரை யாரும் வேலையை விட்டுத் தூக்கப்போறதில்ல. நீங்க வாயைத் திறக்காம இருங்க, போதும்."

வீட்டில் மகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பத்தாவது படிக்கிற பெண். "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்னுதானேம்மா நீ போகல? அதைச் சொல்லிடும்மா. நான் வேணா வந்து சொல்றேன்."

"உன் காய்ச்சலை நான் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன்டி. அது உன் தப்பு இல்ல, உன் தலையில வந்து விழக்கூடாது." இதை அக்கா எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார்.

விசாரணை நாளன்று நானும் அந்த அறையில் இருந்தேன். யாரும் கேட்பதற்கு முன்பே அக்கா சொல்லிவிட்டார்: "இந்த வரி நான் எழுதினது சார். நான் போய்ப் பாக்கல."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "உடம்பு சரியில்லையா? வேலை அதிகமா? ஏதாவது காரணம் இருந்திருக்குமே."

"காரணம் இருந்துச்சு சார். ஆனா பாக்காம பாத்தேன்னு எழுதினது நான்தான்."

பதவியில் ஒரு படி இறக்கி, இரண்டு வருஷம் தபால் பிரிவில் போட்டார்கள். அவர் முறையிடவில்லை. தையல்காரர் அதே இடத்தில் மறுபடி கூரை போட்டுக் குடியேறியதும் அக்கா அவரைத் தேடிப் போனார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தையல்காரர் கடைசிவரை கேட்டார். "சொல்லிட்டீங்களா? சரி, போங்கம்மா," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

குடோன் சுவரை இடிக்க நகராட்சி போட்ட வழக்கு வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. அக்கா எங்கள் பிரிவுக்குத் திரும்பி வந்தார். அவர் ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருக்கும்போது, தையல்காரர் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி நிலத்துக்கு ஒரு பிளான் வந்தது. எழுபது மனை. உள்சாலை எல்லாம் நேர்த்தியாக ஓடிவந்து, பழைய மனைப்பிரிவின் எல்லையில், புதிதாகக் கட்டப்போகிற ஒரு மதிலில் முட்டி நின்றது.

அக்கா அந்த இடத்தில் சிவப்பு மையால் கோடிட்டு எழுதினார்: 'இச்சாலை எல்லைவரை நீட்டப்பட்டு, பழைய சாலையுடன் இணைக்கப்பட வேண்டும்.'

நிலத்துக்காரர் நேரே வந்துவிட்டார். "எனக்கு ரெண்டு வழி இருக்கு மேடம். பக்கத்துல இருக்கறவங்களுக்கு நான் எதுக்குக் கதவு திறந்துவிடணும்?"

"அவங்களுக்கு ஒண்ணுதான் இருக்குங்க. அதுலயும் பெரிய வண்டி வராது."

மூன்று முறை ஃபைல் மேலே போய்த் திரும்பியது. கவுன்சிலரிடமிருந்து போன் வந்தது. "அக்கா, இந்த நேரத்துல எதுக்கு வம்பு?" என்றேன்.

"கிளம்பு, போய் அளந்துட்டு வரலாம்," என்றார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. ரெண்டு சாலையும் சந்திக்க வேண்டிய இடத்தில் டேப்பின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். மறுமுனையோடு அக்கா முள்ளுச்செடிக்குள் இறங்கித் தடுமாறினார். தையல்காரர் தன் வீட்டுப் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, அக்கா கையிலிருந்து டேப்பை வாங்கினார். முள்ளைக் காலால் மிதித்துக்கொண்டு போய், இழுத்துப் பிடித்து, குனிந்து படித்தார்.

"முப்பது அடி, நாலு அங்குலம். எழுதிக்கோங்க," என்றார்.

பிளானுக்கு ஆட்சேபணை கேட்கும் கூட்டத்துக்கும் அவர் வந்தார். புது மனைகளுக்கு முன்பணம் கட்டியிருந்த சிலர், கண்டவர்களும் நம்ம தெரு வழியாகப் போவார்களே என்று சத்தம் போட்டார்கள். தையல்காரர் எழுந்து தன் வீட்டு எண்ணைச் சொன்னார். மனைவி இறந்த தேதியைச் சொன்னார். உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் குரலை உயர்த்தவில்லை. இணைப்புச் சாலையோடுதான் பிளானுக்கு அனுமதி கிடைத்தது.

அக்கா ஓய்வுபெற்ற மூன்றாம் மாதம் சாலையைத் திறந்தார்கள். குடோன் சுவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. லாரியும் பள்ளி வேனும் பின்பக்கமாக வந்துபோகின்றன.

கொஞ்ச நாள் கழித்து ஆபீஸ் போனில் தையல்காரர் அக்கா நம்பரைக் கேட்டார், கொடுத்தேன். அடுத்த வாரம் அக்காவைப் பார்த்தபோது, "என்ன பேசினாரு?" என்று கேட்டேன்.

"அவரு வீட்டம்மாவைப் பத்தி," என்றார் அக்கா. "சட்டை பட்டனுக்குக் காஜா எடுக்கறதுல கெட்டிக்காரியாம். மெஷின் ஓடுற சத்தத்துக்கு மேல பாடுவாங்களாம். ஒரு மணி நேரம் சொன்னாரு. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."