இரண்டு லிஸ்டோபாட், ஒரு மரம்

தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளே, என் வேலையைப் பற்றி எழுதச் சொல்லி உங்கள் டீச்சர் கேட்டார். நான் பத்தாவது வரைதான் படித்தவன். மான்மவுத் ஜங்ஷன் என்கிற ஊரில் ஒரு முதியோர் டே கேரில் வேன் ஓட்டுகிறேன். அங்கே பேசியதெல்லாம் இங்கிலீஷ். நம் பேச்சில் எழுதுகிறேன்.

1. வேனில் ஏறாதவர்

அக்டோபர் இரண்டாம் தேதி காலை. வீட்டு வாசலில் ஹார்ன் அடித்தும் மிஸ்டர் இவோ வரவில்லை. அவர் குரோஷியாக்காரர். மகள்தான் வெளியே வந்தார்.

"இனிமே வரமாட்டேங்கறார். அம்மா போனதுக்கப்புறம் இந்த மூணு வாரமாத்தான் வெளிய வந்தார். தனியா விட்டுட்டு நான் எப்பிடி வேலைக்குப் போறது?"

காரணம் நான்தான்.

எங்கள் டைனிங் ஹாலில் ஒரு வெள்ளை போர்டு உண்டு. பெரியவர்கள் நாள் கிழமையை மறக்காமல் இருக்க, அவரவர் மொழியில் மாதத்தின் பெயரை எழுதுவது என் வேலை. ஸ்பானிஷில் ஒக்தூப்ரே, ஜெர்மனில் ஒக்டோபர். எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். போலந்துக்காரரான மிஸ் ஹலினாவுக்கு மட்டும் பஜ்ஜெர்னிக். அதற்கும் அக்டோபருக்கும் ஒரு ஒட்டும் இல்லை.

முந்தின நாள் மிஸ்டர் இவோ மார்க்கரை வாங்கி, அதன் கீழே லிஸ்டோபாட் என்று எழுதினார். மிஸ் ஹலினா எழுந்து போய் அதை அழித்தார்.

"லிஸ்டோபாட்னா நவம்பர். எனக்கு எண்பத்திரெண்டு வயசு. மாசம் தெரியாதா?"

"எங்க ஊர்ல அக்டோபர்தான்."

இரண்டு பேர் மொழியிலும் அந்தச் சொல்லுக்கு இலை உதிர்வது என்றுதான் பொருள். மாதம்தான் வேறு. எனக்கு அது தெரியாது. சண்டையை முடிப்பதாக நினைத்து, "மிஸ் ஹலினா இங்க பழைய ஆளு, அவங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

மிஸ்டர் இவோ தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "எனக்குக் கல்யாணம் ஆனது லிஸ்டோபாட்ல. அது எந்த மாசம்னு நீ எனக்குச் சொல்றியா?"

2. பந்தயம்

எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏனுங்ணா, மாசப் பேரு எழுதச் சொன்னா ஆளையே தொரத்தி உட்டுட்டீங்களே" என்றார். "நீங்களே போயிக் கூட்டிட்டு வாங்க."

போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மிஸ்டர் இவோ, நம்ம டே கேர் ஜன்னலுக்கு வெளிய ஒரு பெரிய மரம் இருக்கில்ல, அதுவே சொல்லட்டும். இந்த மாசம் இலை கொட்டிட்டா நீங்க ஜெயிச்சீங்க. அடுத்த மாசம் கொட்டினா மிஸ் ஹலினா. தோத்தவங்க கேக் கொண்டு வரணும்."

"எந்த மரம்? வேன் நிக்கற எடத்துலயா?"

"ஆமா."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஷூவைத் தேடினார்.

மிஸ் ஹலினாவும் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்றார். அன்றிலிருந்து இருவரும் ஒரே ஜன்னலோரம். ஒருவரை ஒருவர் காவல் காத்தார்கள்.

"டிரைவர், இவங்க வாக்கரால மரத்த இடிக்கிறாங்க, பாத்துக்கோ."

"அவர் எறும்புக்குக்கூட லஞ்சம் குடுத்து இலையக் கடிக்கச் சொல்வாரு."

அக்டோபரில் மரம் சிவந்தது. நவம்பரில் பழுப்பானது. உதிரவில்லை. பக்கத்து மரமெல்லாம் மொட்டையாகி நிற்க, இது மட்டும் காய்ந்த இலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மிஸ்டர் இவோ ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

3. மரத்தின் பெயர்

டிசம்பரில் என் மகளிடம் மரத்தின் ஃபோட்டோவைக் காட்டினேன்.

"அப்பா, இட்ஸ் அ பின் ஓக். ஸ்ப்ரிங் வரைக்கும் லீவ்ஸ் விழாது. எவ்ரிபடி நோஸ் தட்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாள் இருவரிடமும் ஒப்புக்கொண்டேன்.

"ஓக் மரம்தான். எங்க ஊருல நாலு வயசுக் கொழந்த சொல்லும்" என்றார் மிஸ் ஹலினா.

"எங்க ஊருல மூணு வயசு" என்றார் மிஸ்டர் இவோ.

அவர் காப்பி எடுக்கப் போனதும் நான் மெதுவாகக் கேட்டேன். "தெரிஞ்சும் ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"யாராவது ஜெயிச்சிருந்தா அன்னிக்கே பந்தயம் முடிஞ்சிருக்கும். அப்புறம் அவரு எதுக்கு வரணும்?"

மார்ச் கடைசியில் புதுத் துளிர் முட்டி, பழைய இலை கொத்துக்கொத்தாக விழுந்தது. எங்கள் கரூர்ப் பக்கம் வேப்பமரம் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். காலண்டரைப் பார்த்தேன். பங்குனிதான். அதைச் சொன்னதும் இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். ஜெயித்தது என் பங்குனியாம், தோற்றது அவர்கள் இருவருமாம். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டு கேக். ஒன்றில் கசகசா, ஒன்றில் வால்நட்.

அடுத்த அக்டோபர் முதல் தேதி நான் மார்க்கரை எடுக்கும் முன்பே, போர்டில் பெரிய எழுத்தில் லிஸ்டோபாட் என்று இருந்தது. எழுதியவர் மிஸ் ஹலினா. நவம்பர் முதல் தேதி அதே சொல்லை மிஸ்டர் இவோ எழுதினார்.

பிள்ளைகளே, நான் கற்றது இதுதான். ஒருவர் எழுதிய மாதத்தை அழிக்காதீர்கள், பக்கத்தில் உங்களுடையதை எழுதுங்கள். போர்டில் இடம் இருக்கிறது. மரத்தைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிடுவதாக இருந்தால், முதலில் அதன் பெயரைக் கேளுங்கள்.