வலது சக்கரத்துக்கு வைத்த பொட்டு

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்குக் கல்யாணமாகி நாலாவது வருஷம். கூடலூரில் எங்கள் வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரம் செய்துவந்தார். விடிந்ததும் காரில் மலையேறிக் குமுளிக்குப் போய்ச் சரக்கை வாங்கிவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் நல்ல காய் வேறு கைக்குப் போய்விடும்.

அந்தக் காரின் முன்பக்க வலது சக்கரம் ஒரு மாதமாக எங்களைப் பாடாய்ப் படுத்தியது. மாலையில் கல் மாதிரி இருக்கும். காலையில் பார்த்தால் காற்றிறங்கிப் படுத்துக்கிடக்கும். கம்பத்துக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தாயிற்று. ஒரு குமிழிகூட வரவில்லை. டியூபில் ஒரு குறையும் இல்லை என்று பஞ்சர் ஒட்டுகிறவர் சொல்லிவிட்டார். டயரும் டியூபும் கண்ணில் காணக் கிடைக்காத காலமில்லையா, முதலில் சந்தோஷம்தான் பட்டோம்.

பிறகுதான் வினை வந்தது. டியூபில் ஓட்டை இல்லையென்றால் யாரோ காற்றை இறக்கிவிடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? கார் நிற்கும் கொட்டகையின் சாவியோ டிரைவரிடம் இருக்கிறது. போட்டி வியாபாரிக்கு அவர் விலைபோய்விட்டார் என்று கடைத்தெருவில் எவரோ ஊதிவிட, எங்கள் வீட்டுக்காரரும் நம்பிவிட்டார். கோபம் வந்தால் அவருக்குக் காது கேட்காது.

டிரைவர் கடமலைக்குண்டுக்காரர். என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவரா இப்படிச் செய்வார்? எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் எடுத்துச் சொல்ல ஆதாரம் வேண்டுமே.

ஒரு சனிக்கிழமை காலை, வழக்கம்போலச் சக்கரம் இறங்கிக்கிடந்தது. அன்றைய பயணம் கெட்டது. அந்த எரிச்சலோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், இடுப்பில் துண்டோடு வாசலுக்கு வந்து, தெருவே கேட்கும்படி கத்தினார்.

"சாவிய வச்சுட்டுக் கெளம்பு! இன்னியோட ஒனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல!"

டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "காத்தடிச்சு நிறுத்திட்டுப் போறேன் மொதலாளி. படுத்த வண்டிய விட்டுட்டுப் போனா எனக்குத்தேன் அசிங்கம்" என்று சொல்லிச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கைப்பம்பை எடுத்தார்.

குளியலுக்குக் கரைத்த சீயக்காய்க் கிண்ணத்தோடு நான் அங்கே நின்றிருந்தேன். அவர் அடித்து முடித்துப் பம்புக் குழாயை உருவியபோது பார்த்தேன். குழாயின் வாய் சிவப்பாக இருந்தது. அது முந்தின நாள் நான் வைத்த குங்குமம்.

வெள்ளிக்கிழமைதோறும் மாட்டுக்குப் பொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். வண்டி மாட்டில் வலத்து மாட்டுக்குத்தான் முதல் பொட்டு. கார் வந்த பிறகு அந்த மரியாதையை அதன் வலது சக்கரத்துக்குக் கொடுத்தேன். ஒரு மாதத்துக்கு முன் காற்றடிக்கும் வாயின் மூடி மலைப்பாதையில் எங்கோ விழுந்து, மாற்று மூடி கிடைக்காமல் அந்த முனை மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் நெற்றி என்று நினைத்து, சந்தனத்தையும் குங்குமத்தையும் நன்றாக அப்பிவந்தேன்.

"காத்தடிக்கையில இதத் தொடைக்க மாட்டீகளாண்ணே?"

"தாயி வச்ச பொட்ட நான் எப்பிடித் தொடைப்பேன்? அதுமேலயே மாட்டி அடிச்சுருவேன்."

சீயக்காயை நுரைக்க அடித்து அந்த முனையில் வழித்துவிட்டேன். "இங்கன கொஞ்சம் வாங்க" என்று வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். சின்னதாக ஒரு குமிழி கிளம்பி, மெதுவாகப் பெருத்து, உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"அடடா, கம்பத்துல இந்த வாயக் கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மத்த எடத்தத்தேன் தண்ணிக்குள்ள முக்குனாக" என்றார் டிரைவர்.

உள்ளே இருந்த வால்வு ஊசியைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். சந்தனப் பொருக்கும் குங்குமமும் உதிர்ந்தன. பம்பே அதையெல்லாம் உள்ளே தள்ளி, ஊசியை இறுக மூடவிடாமல் செய்திருக்கிறது. கழுவி மாட்டிக் காற்றடித்து, மறுபடி நுரையை வைத்தோம். குமிழி வரவில்லை.

வாசலில் வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியிருந்தது. அத்தனை பேர் முன்னால் புருஷனை எதிர்த்து நான் அதுவரை வாய் திறந்ததே இல்லை.

"காத்த எறக்குனது நாந்தேன். வையிறதா இருந்தா என்னைய வைங்க, அண்ணனுக்குச் சாவியக் குடுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் திண்ணையிலிருந்த சாவியை எடுத்து டிரைவரின் கையில் வைத்து, "தப்பா நெனச்சுப்புட்டேன்ப்பா, மனசுல வச்சுக்காத" என்றார். என் பக்கம் திரும்பி, "இந்தா, அந்தச் சீயக்கால எனக்கு மிச்சம் இருக்கா? எண்ணெ கண்ணுல எறங்கி எரியுது" என்றார். டிரைவர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

மறுநாள் காலை சக்கரம் திண்ணென்று நின்றது. கம்பத்தில் கண்டுபிடிக்க முடியாததை எங்கள் வீட்டில் கண்டுபிடித்துவிட்டாள் என்று குமுளி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார் வீட்டுக்காரர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை டிரைவர் ஒரு குட்டிப் பித்தளை மூடி செய்துகொண்டுவந்து அந்த முனையில் திருகினார். "இனிமே இதுக்கு மேல வைங்க தாயி" என்றார்.

அந்தக் குமிழியை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. அதைவிட, அது என் பொட்டுதான் என்று தெருவறியச் சொன்னதை நினைத்தால் இன்னும் பெருமை. ஆனாலும் யார்மேலாவது பழி சொல்ல நாக்குத் துடிக்கும்போதெல்லாம், குங்குமம் தொட்ட என் விரலை முதலில் ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.