கனமான ஸ்பிரிங்

இன்று காலை ஜமுனாமரத்தூரில் மாமாவின் டிராக்டருக்குப் பூஜை.

வெள்ளைக்காரன் காலத்து வண்டி. புளி மூட்டையோடு மேடு ஏறினால் கிளட்ச் வழுக்கும். என்ஜின் உறுமும், சக்கரம் நகராது. கிளட்சுக்குக் கனமான ஸ்பிரிங் போட்டால் முழு இழுவையும் சக்கரத்துக்கு வரும் என்று புத்தகம் பார்த்துச் சொன்னவன் நான். கலசப்பாக்கம் மெக்கானிக் நேற்று மாட்டினார்.

பன்னிரண்டு வருடமாக அதை ஓட்டுபவர் முனியண்ணன். சிறுவயதுக் காய்ச்சலில் சூம்பிய இடது கால் அவருக்கு.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அவர் இடது காலால் கிளட்சை மிதித்தார். புது ஸ்பிரிங்கின் கனத்தில் மிதி இறுகிக் கிடந்தது. அசையவில்லை. இரண்டு கைகளாலும் தொடையை அழுத்தினார். அப்போதும் அசையவில்லை.

"இன்னாடா முனியா, காலு தூங்குதா?" என்றார் மாமா.

"புதுசுங்க. போகப் போகப் பழகிடும்ங்க."

"வண்டிக்கு ஸ்பிரிங்கு மாத்திட்டேன். உன் காலுக்கு எங்கடா போயி மாத்துறது?"

சந்தைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமா தன் மகனை ஏற்றினார். ஒரே மிதி. பழம் நசுங்கியது.

"நாளையிலேர்ந்து இவனே ஓட்டட்டும்."

முனியண்ணன் என்னிடம் வந்தார். "பவர் நல்லா ஏறிப்போச்சு தம்பி. நீ படிச்சது வீண் போவல."

அது பாராட்டா, வேறு ஏதாவதா? இதைப் படிக்கும் நண்பர்கள், தெரிந்தால் ஒரு தபால் கார்டு போடுங்கள்.

பழைய ஸ்பிரிங்குகள் என்னிடம்தான் இருக்கின்றன. திரும்ப மாட்டலாம் என்று மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் காகிதம் பறக்காமல் இருக்க, ஒன்றை இதன்மேல் வைத்திருக்கிறேன்.